மடை காத்தவன் கூலியும் மாளிகைப் பொறிஞன் சம்பளமும்

(கம்மாபுரத்தில் உழவர், தொழிலாளர் நடுவே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊருக்கு வரும் வழியில் பேருந்தின் நெற்றியில் ‘விருத்தாசலம்’ என்று எழுதியிருக்கக் கண்டேன். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. திருமுதுகுன்றம் என்னும் நம் பழம்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்துவிட்டு, பெயர்த்ததையே மூலம் போல வழங்குகின்றோம். பெயரைப் பறித்தால் உரிமையைப் பறிப்பது எளிது. இன்று நான் பேச வந்திருப்பதும் அப்படிப் பெயரோடு சேர்ந்து பறிபோன ஓர் உரிமையைப் பற்றியதுதான்.

நீரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டீர்கள். வெள்ளாறும் மணிமுத்தாறும் பாயும் மண்ணில் வேறு எதைப் பேசுவது? ஆயினும் நான் நீரைப் பற்றி நேரே பேசப் போவதில்லை. நீரைக் காத்தவர்க்கு யார் சம்பளம் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு மிகுதியாகவும் யாருக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள் என்பதைப் பேசப் போகின்றேன். ஓர் அரசு யாரை மதிக்கின்றது என்பதை அதன் மேடைப் பேச்சில் தேட வேண்டா. சம்பளப் பட்டியலில் தேடுங்கள். அங்கே பொய் சொல்ல முடியாது.

கூலி என்னும் சொல் கூலத்திலிருந்து வந்தது என்றும், சம்பளம் என்பதில் நெல்லும் உப்பும் அடங்கியுள்ளன என்றும் பாவாணர் விளக்குவார். களத்துமேட்டில் நெல் தூற்றி முடிந்ததும், அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து மடை காப்பவனுக்கு அளந்து போட்ட காலம் ஒன்று இருந்தது. நீர்க்கட்டி என்றும், கம்புகட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும் இடத்துக்கு இடம் அவனுக்குப் பெயர் மாறும். ஏரியில் எத்தனை முழம் நீர் நிற்கின்றது, எந்த வயலுக்கு எந்த நாழிகை திறக்க வேண்டும், கரையில் எந்த இடம் மெலிந்தது என்பதெல்லாம் அவன் நெஞ்சில் எழுதப்பட்டிருந்தன. ஏரி நிரம்பினால் அவன் பங்கும் நிரம்பும். ஏரி வறண்டால் அவன் கலமும் வறளும்.

ஊர்ப் பொதுவில் ஏரியைப் பேணுவதற்கு ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கிய செய்தியைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிக்கின்றன. ஆறு பேர்; 360 நாள் பணி; கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவன்; அவன் உறவினர்க்கும் அதே தடை. நம் வீராணத்து ஏரியும் அந்தப் பராந்தகன் காலத்ததே. வீரநாராயணன் என்பது அவன் பெயர்.

ஆனால் தோழர்களே, நம் பழமை என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். உத்திரமேரூர் பார்ப்பனர்க்கு ஈந்த ஊர். நிலமும் மறையோதலும் உடையவனுக்கே அங்கே குடவோலையில் இடம். மண் சுமந்தவன் பெயர் அந்த ஓலைகளில் ஏறவில்லை. மடையில் இரவெல்லாம் நின்றவன் பெரும்பாலும் சேரிக்காரன். அவனுக்கு நெல் உண்டு, நாற்காலி இல்லை. இந்தக் குறையை மறைத்துவிட்டு வெள்ளையனை மட்டும் பழித்தால் அது அரை உண்மை. வெள்ளையன் செய்தது வேறு வகைக் கொடுமை. நாற்காலி இல்லாதவனிடம் இருந்த நெல்லையும் அவன் தன் கணக்குப் புத்தகத்துக்குள் இழுத்துக்கொண்டான்.

கிழக்கிந்தியக் கும்பணியின் ஆட்சியில் ஊர்க் கொடைநிலங்களும் களத்துப் பங்குகளும் ஒவ்வொன்றாக வரிக்கணக்கில் கரைந்தன. பேணும் பொருள் அரசிடம் போயிற்று. பேணும் பொறுப்பு மட்டும் ஊரிடம் நின்றது. ஏரிவேலைகள் தண்டலாளரின் கீழும், வரி திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட வட்ட அலுவலர் கீழும் இருந்தன. வரி தண்டத் தெரிந்தவனுக்கு மதகு கட்டத் தெரியுமா? 1852இல் சென்னை மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய்ந்த ஆணைக்குழுவே இந்த ஒழுங்கின்மையைக் கண்டு எழுதிற்று. அதன் பின்னரே, 1858இல், ஒரு தலைமைப் பொறிஞரின் கீழ்ப் பொதுப்பணித்துறை அமைந்தது.

அந்த 1858ஆம் ஆண்டை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென்று முதலாம் எண் சட்டமாக ஒரு கட்டாய உழைப்புச் சட்டமும் பிறந்தது. ஏரி உடையும் தறுவாயில் ஊரார் வந்து உழைக்க வேண்டும். அதற்குக் கூலி உண்டு என்றது சட்டம். அது நியாயமே, கரை உடையும்போது எவனும் வீட்டில் படுத்திருக்க மாட்டான். ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஊர் வழக்கப்படி ஏரிவேலைக்கு உழைப்புத் தர வேண்டியவன் தராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு அவனிடம் தண்டலாம் என்றது. துறைக்குச் சம்பளம் பெறும் பொறிஞர். ஊருக்குச் சம்பளமில்லாத உழைப்பு. இரண்டும் ஒரே ஆண்டின் பிள்ளைகள்!

வழக்கம் என்றால் என்ன? ஊரார் உழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பொதுக் குவியலில் பங்கு பெற்றுக்கொண்டு, தம் அவையில் தாமே முடிவு செய்து உழைத்தார்கள். பங்கை எடுத்துக்கொண்டு, முடிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் ‘வழக்கம்’ என்று சட்டத்தில் எழுதிவைத்தால் அதற்கு என்ன பெயர்? அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘குடிமராமத்து’. குடி நம் சொல். மராமத்து அரபுச் சொல். கூட்டுச்சொல்லிலேயே நம் பங்கு எது, ஆள்வோர் பங்கு எது என்று தெரிகின்றது பாருங்கள்.

சரி, சம்பளம் பெற்ற பொறிஞர்கள் யார்? முதலில் வந்தவர்கள் படைப் பொறிஞர்கள். ஆர்தர் காட்டன் அவர்களுள் ஒருவர். 1803இல் பிறந்து, பதின்ம அகவையில் படையில் சேர்ந்து, 1821இல் சென்னைக்கு வந்தவர். 1836இல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் கீழணையையும் எழுப்பினார். அந்தக் கீழணை நீர்தான் வடவாற்றின் வழியே வீராணத்துக்கு வருகின்றது. இங்கே இருப்போரில் பலர் உறவினர் வயலில் அந்த நீர் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். காட்டன் திறமையானவர், உழவர்பால் இரக்கமும் உடையவர். அவரை இகழ்வது என் நோக்கம் அன்று. அவரே ஓர் உண்மையை ஒளிக்காமல் எழுதினார்: ஆழங்காண முடியாத ஆற்றுமணலில் அடித்தளம் இடும் கலையை, கல்லணையைக் கட்டிய நம் முன்னோரின் வேலையிலிருந்தே கற்றதாக. கற்றுக்கொண்ட மாணவருக்கு 1861இல் வீரப்பட்டம் கிடைத்தது. கற்றுக்கொடுத்தவரின் பேரன், அதே ஆற்றுமணலில் நாட்கூலிக்கு மண் சுமந்தான்.

பொறிஞர் கல்வி இந்த மண்ணில் இல்லாமலா இருந்தது? சென்னையில் நிலவளவைப் பள்ளி 1794இலேயே தோன்றிற்று. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. வடக்கே உரூர்க்கியில் 1847இல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அந்த உரூர்க்கிக் கல்லூரியில் மூன்று வகுப்புகள்: பொறிஞர், மேல்நிலைத் துணைவர், கீழ்நிலைத் துணைவர். தொடக்கத்தில் மேல்நிலைத் துணைவர் வகுப்பு ஆங்கிலப் படைவீரர்க்கு. கீழ்நிலைத் துணைவர் வகுப்பு நம்மவர்க்கு. கல்லூரியின் வாயிலிலேயே சாதி பிரித்துவிட்டார்கள். நம்மிடம் இருந்த நான்கு போதாதென்று இது ஐந்தாவது!

இங்கே கல்லூரிகள் இருக்கும்போதே, 1871இல், இலண்டனுக்கு அருகில் கூப்பர் குன்று என்னும் இடத்தில், இந்தியப் பொதுப்பணித்துறைக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரியை நிறுவினார்கள். அந்த மாளிகையையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்கக் கொடுத்த தொகை 55,000 பவுன். எவன் வீட்டுப் பணம்? இந்திய வருவாய், அஃதாவது நம் பாட்டன் கட்டிய நிலவரி. அங்கே படித்து வெளியேறிய இளைஞன், மீசை முளைத்தும் முளையாமலும் கப்பலேறி வந்து, முதல் திங்களிலேயே 350 உருபா சம்பளத்தில் உதவிப் பொறிஞனாக அமர்வான். ஏரியை அவன் அதற்குமுன் படத்தில்தான் பார்த்திருப்பான். பெரியாற்று அணையை 1895இல் முடித்த பென்னிகுவிக்கு பின்னர் 1896 முதல் 1899 வரை அந்தக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். அவரைத் தென்மாவட்ட உழவர் தெய்வமாக வைத்திருக்கின்றார்கள். நன்றி மறவாத மக்கள், வைத்திருக்கட்டும். நான் கேட்பது அவரைப் பற்றி அன்று. அவர் போன்ற ஒருவர் உருவாகும் வாயில் ஏன் நமக்கு அடைபட்டிருந்தது என்பதே.

அடைபட்டது என்பதற்குக் கணக்கு வேண்டுமா? 1886இல் இந்தியா முழுவதும் பொதுப்பணித்துறையில் இருந்த பொறிஞர் 1,015 பேர். அவர்களில் ஐரோப்பியர் 810. இங்கேயே குடியிருந்த ஐரோப்பியரும் கலப்பினத்தாரும் 119. இந்நாட்டு மக்கள் 86. நூற்றுக்கு ஒன்பது பேர் கூட இல்லை. ஆறும் ஏரியும் நம்முடையவை; 1,015 நாற்காலிகளில் 86தான் நம்முடையவை.

இந்த 86 பேராவது சம்பளத்தில் நிகராக இருந்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. 1886-87இல் ஏட்சிசன் தலைமையில் அமர்ந்த அரசுப்பணி ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொட்டு, 1890களின் தொடக்கத்தில், பொறிஞர் பணியை இரண்டாகக் கிழித்தார்கள். சீமையில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் பேரரசுப் பணி. இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவன் மாகாணப் பணி. வேலை ஒன்று, அளக்கும் கோல் ஒன்று, வெயில் ஒன்று. சம்பளம் மட்டும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. காட்டிய கரணியம், ஐரோப்பியன் தன் நாட்டை விட்டு வந்து வாழ்கின்றான், செலவு மிகுதி என்பது. வரச்சொல்லி யார் ஓலை அனுப்பினார்?

இதற்கு மேலும் ஒன்று உண்டு; இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1870களின் தொடக்கத்தில் ஓர் உருபா ஏறத்தாழ இரண்டு சில்லிங் பெறும். உலகில் வெள்ளியின் விலை விழ விழ உருபாவின் மதிப்பும் விழுந்தது. இங்கிலாந்தில் மனைவிக்கும் பிள்ளைக்கும் பணம் அனுப்பும் வெள்ளை அலுவலர்கள் முறையிட்டார்கள். உடனே 1893இல் அவர்களுக்கு மட்டும் நாணய மாற்றிழப்பு ஈட்டுப்படி வழங்கப்பட்டது. சம்பளத்தில் பாதிக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டு, உருபாவுக்கு 1 சில்லிங் 6 பென்சு என்று உயர்த்திய வீதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவனுக்கு 600 உருபா சம்பளம் என்க. பாதி 300. வெளியில் உருபா 15 பென்சு விற்கும் காலத்தில் அந்த 300 உருபா 4,500 பென்சு பெறும். 18 பென்சு வீதத்தில் 5,400 பென்சு. இடையில் 900 பென்சு; அதை மீண்டும் உருபாவாக்கினால் 60. ஆகத் திங்கள்தோறும் 60 உருபா, வேலை எதுவும் கூடாமல், வெள்ளியின் விலை விழுந்ததற்காக! அவன் மேசைக்கு எதிர்மேசையில் அதே வேலை பார்த்த தமிழனுக்கு இந்தப் படி இல்லை. ஏன்? அவன் வீடு இங்கே இருக்கின்றது. தாய்நாட்டில் வாழ்வது ஒரு குற்றம். அதற்குத் தண்டம் 60 உருபா. அரிசி விலை தாறுமாறாக ஏறிய காலங்களில் கடைநிலை ஊழியர்க்குக் கூலவிலைப் படி என்று ஏதோ சிறிது கொடுத்ததுண்டு. விலை இறங்கியதும் அது நின்றுவிடும். சீமைக்குப் பணம் அனுப்புவோனின் இழப்பு இழப்பு. சோற்றுக்கு அரிசி வாங்குவோனின் இழப்பு பருவத் துன்பம்!

இந்த ஏற்பாட்டில் திறமையான நம்மவர் என்ன ஆனார்கள்? ஒருவர் கதை போதும். விசுவேசுவரையா 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறிஞராகச் சேர்ந்தார். ஆற்றலில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் தலைமைப் பொறிஞர் நாற்காலி நம்மவர்க்கு எட்டாத காலம் அது. 1908இல் தாமே பணியிலிருந்து விலகினார். 1909இல் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறிஞராக அழைத்துக்கொண்டது. பிறகு காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணைக்கு அவர் திட்டம் தீட்டியதும், அதனால் சென்னைக்கும் மைசூருக்கும் எழுந்த வழக்கும், 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையும் நீங்கள் அறிந்தவை. அவர் மைசூர் மண்ணில் பிறந்தவர்; எப்படியும் ஒருநாள் அங்கே போயிருக்கலாம். ஆனாலும் வெள்ளையனின் சம்பளப் பட்டியல் ஓர் ஆற்றின் கதையில் எங்கே வந்து முட்டுகின்றது என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பின்னர் வந்த ஆணைக்குழுக்களை விரித்துரைக்க நேரமில்லை. 1924இல் லீ ஆணைக்குழு, பாசனப் பிரிவில் நூற்றுக்கு 40 ஐரோப்பியர், 40 இந்தியர், மாகாணப் பணியிலிருந்து உயர்த்துவோர் 20 என்று பங்கிட்டது. கூடவே ஐரோப்பிய அலுவலரும் மனைவியரும் சீமைக்குப் போய்வர நம் செலவில் நான்கு கப்பற் பயணம். உழவன் கப்பலைத் துறைமுகத்தில் போய்ப் பார்க்கவும் வண்டிக்கூலி இல்லாமல் இருந்தான்.

இதுவரை மேசைக்காரர்களின் கணக்கு. இனி மடைக்காரனிடம் வருவோம். களத்து நெல் போய்த் திங்கட்கூலி வந்தபோது அவனுக்கு வைத்த பெயர் ‘லசுக்கர்’. படை என்று பொருள்படும் பாரசீகச் சொல். படைப் பொறிஞர் வந்த வழியே, கூடாரம் அடிக்கும் ஆளுக்கும் பீரங்கி இழுக்கும் ஆளுக்கும் இருந்த பெயர், நம் மடைக்காரன் தலையிலும் விழுந்தது. கையில் ஒரு கழியும் மண்வெட்டியும் தவிர வேறு படைக்கலம் அறியாத ஏழைக்குப் படை என்று பெயர்!

என் தாய்வழிப் பாட்டன் அப்படி ஒரு மடைக்காரர். ஏரியின் பெயர் வேண்டா. வெள்ளாற்றுப் பக்கத்து ஏரி ஒன்று என்று கொள்ளுங்கள். வெள்ளையர் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுகளில் ஓர் ஐப்பசி. கரையின் உட்சரிவில் நண்டு வளைகள் பெருகியிருப்பதையும், வெளிச்சரிவில் ஓரிடத்தில் ஈரம் கசிவதையும் பாட்டன் பார்த்துவிட்டார். கண்காணியிடம் போய்ச் சொன்னார். எழுதிக் கொடு என்றார் கண்காணி. பாட்டனுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். கண்காணி கொடியவர் அல்லர். மேலிடத்துக்குத் தாளில்லாமல் ஒரு சொல்லும் ஏறாது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவே. மேலே இருந்த பொறிஞர் அந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர்; அவர் கையேட்டில் கரையின் உயரமும் அகலமும் சரியாகவே இருந்தன. நண்டு வளைக்கு அந்த ஏட்டில் கட்டம் இல்லை.

நான்காம் நாள் இரவு கரை உடைந்தது. ஊரே திரண்டு பனைமரம் வெட்டிப் போட்டு, வைக்கோற்புரி திணித்து, மண்மூட்டை அடுக்கி, விடிவதற்குள் பாதி நீரைக் காத்தார்கள். கீழ்ப்பக்கத்துச் சேரியில் பதினோரு குடிசைகள் போய்விட்டன. பிறகு ஆய்வு நடந்தது. பொறிஞர் எழுதினார், கண்காணி எழுதினார். எழுத முடியாதவர் ஒருவர்தான். ஆகவே ‘மடைக்காவலரின் அசட்டை’ என்று முடிந்தது. அரைத் திங்கள் கூலி தண்டம். பாட்டன் அதற்குப் பின்னும் இருபதாண்டு அதே கரையில் நின்றார். ‘எனக்குத் தெரிந்ததைக் கேட்க அவர்களிடம் ஒரு வேலையாள் இல்லை’ என்று மட்டும் சொல்வார்.

வெள்ளையன் போய்விட்டான். பேரரசுப் பணி, மாகாணப் பணி என்னும் பெயர்கள் போயின. நாற்காலிகளில் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றார்கள், கிண்டியிலும் பிற கல்லூரிகளிலும் உழவன் மகனும் மகளும் படித்துப் பொறிஞர் ஆகின்றார்கள், மகிழ்ச்சி. 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே தமிழக அரசு ஏரிகளைத் தூர்வாரும் திட்டம் நடத்திற்று. 2021இல் நீர்வளத்துக்கெனத் தனித்துறையும் கண்டார்கள். ஆயினும் பட்டியலின் உருவம் மாறியதா? மேலே இருப்பவன் மாற்றலில் வருவான், போவான். கீழே இருப்பவன் ஏரியை அறிவான். அறிந்தவனின் சொல் தாளில் ஏறாது. இந்த அமைப்பு நம் ஆறுகள் தந்ததன்று. 1,015 பேரையும் 86 பேரையும் பிரித்து வைத்தவன் தந்தது.

முதுகுன்றத்துப் பீங்கான் கூடங்களில் வேலை செய்யும் தோழர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். வெப்பமானி சூளையில் உண்டு. ஆயினும் நெருப்பின் நிறம் பார்த்தே ‘இப்போது நிறுத்து’ என்று சொல்லும் முதிர்ந்த கையாள் ஒருவர் ஒவ்வொரு கூடத்திலும் இருப்பார். அவரைக் கேளாத முதலாளி ஒரு சூளை முழுதும் வெடித்த பிறகு கேட்பான். ஏரி வெடித்தால் சூளைபோல் மறுபடி அடுக்க முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியதாக இரண்டு வேலைகளை இங்கே வைக்கின்றேன். ஒன்று: மடைகாப்பாளர் பணியிடம் எந்த ஏரிக்கும் காலியாகக் கிடக்கலாகாது, அந்த வேலைக்கு அவ்வேரியின் பாசனத்தில் வாழ்பவரையே அமர்த்த வேண்டும், அவர் வாய்ச்சொல்லாகச் சொல்வதையும் பதிந்து, நாளும் பொழுதும் இட்டு, பொறிஞர் கையெழுத்திட வேண்டும். இதை ஊரவையில் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்புங்கள். ‘லசுக்கர்’ என்று எழுதாதீர்கள். மடைகாப்பாளர் என்று எழுதுங்கள்.

இரண்டாவது வேலைக்கு எவர் கையெழுத்தும் வேண்டா. இளைஞர்கள் நாளை விடியலில் ஏரிக்கரைக்கு வாருங்கள். மதகு எத்தனை, கலிங்கு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் வழங்கும் பெயர் என்ன, முதல் வெள்ளத்தில் எதைத் திறப்பார்கள், கரையில் எங்கே கசியும் என்பதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். ஊரில் மடை காத்த குடும்பங்களைச் சேர்ந்த முதியவர் மூவர் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களை நடக்க வைக்காதீர்கள். வண்டியில் அழைத்து வாருங்கள். ஒரு நாற்பது பக்க ஏடும் இரண்டு எழுதுகோலும் போதும். அளவுநாடாவை நான் கொண்டு வருகின்றேன்.